கோச்சுக்கு எந்த ஊரு?

இந்தியா ஒரு டெஸ்ட் சீரிஸ் தோத்தா போதும், நம்ம கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல ரெண்டு கட்சி ரெடியாயிடும். ஒரு கட்சி, "முதல்ல கோச்சை மாத்துங்கப்பா, ஒரு நல்ல ஃபாரின் கோச்சைக் கூட்டிட்டு வாங்க"ன்னு கத்தும். இன்னொரு கட்சி, "140 கோடி பேர் இருக்குற நாட்டுல ஒருத்தர் கிடைக்கலையா? வெள்ளைக்காரன் வந்துதான் நமக்கு பேட் பிடிக்கச் சொல்லித்தரணுமா?"ன்னு பொங்கும். 2024ல நியூசிலாந்து நம்ம மண்ணுக்கே வந்து 3-0ன்னு அடிச்சுட்டுப் போனப்ப இந்தச் சண்டை நடந்துச்சு. 2025 நவம்பர்ல தென்னாப்பிரிக்கா வந்து 2-0ன்னு ஜெயிச்சப்பவும் நடந்துச்சு. நடுவுல துபாய்ல சாம்பியன்ஸ் டிராபி ஜெயிச்ச அன்னைக்கு மட்டும் ரெண்டு கட்சியும் ஸ்டேட்டஸ் போடுறதுல பிஸி.

நான் முதல் கட்சி. தேசிய அணிக்கு வெளிநாட்டுக் கோச் தாராளமா வரலாம்னு நினைக்கிறேன். ஆனா முதல் கட்சிக்காரங்க சொல்ற காரணத்துக்காக இல்ல. அதோட, ரெண்டாவது கட்சி கேட்குற கேள்வியில ஒரு நியாயம் இருக்கு. அதை அவங்க தப்பான இடத்துல வெச்சுக் கேட்குறாங்க, அவ்வளவுதான்.

முதல்ல ஒரு கணக்கு. 1996ல இருந்து 2023 வரைக்கும் ஆண்கள் 50 ஓவர் உலகக் கோப்பை எட்டு முறை நடந்திருக்கு. அதுல அஞ்சு ஆஸ்திரேலியாவுக்கு. அஞ்சு தடவையும் கோச் ஆஸ்திரேலியர்தான். மீதி மூணு? 1996 இலங்கை, கோச் டேவ் வாட்மோர். 2011 இந்தியா, கோச் கேரி கிர்ஸ்டன். 2019 இங்கிலாந்து, கோச் டிரெவர் பேலிஸ். அதாவது ஆஸ்திரேலியாவைத் தவிர கோப்பையைத் தூக்கின எல்லா டீமுக்கும் வெளிநாட்டுக் கோச். இதைச் சொன்னா ரெண்டாவது கட்சியில ஒருத்தன் ஃபுட்பால் கணக்கை எடுத்துட்டு வருவான். 1930ல இருந்து 2022 வரைக்கும் ஃபிஃபா உலகக் கோப்பை ஜெயிச்ச ஒரு டீமுக்குக்கூட வெளிநாட்டுக் கோச் கிடையாது. அதுவும் உண்மைதான். இப்படி ஆளுக்கொரு கணக்கை எடுத்து அடிச்சுக்கலாம். ஆனா இது எதையும் நிரூபிக்காது. நம்ம மேத்ஸ் சார் பாஷையில சொன்னா சாம்பிள் சைஸ் பத்தாது.

கணக்கை விட்டுட்டு, வான்கடேல 2011 ஏப்ரல் 2ஆம் தேதி ராத்திரியை நினைச்சுப் பாருங்க. நமக்கெல்லாம் அப்போ ஆறு, ஏழு வயசு. தோனி அடிச்ச சிக்ஸர் ஞாபகம் இருக்கோ இல்லையோ, ரீல்ஸ்ல ஆயிரம் தடவை பார்த்திருப்போம். அந்த மேட்ச்ல இந்தியாவோட கோச் தென்னாப்பிரிக்கர். எதிர்ல இலங்கையோட கோச் ஆஸ்திரேலியர், அதே பேலிஸ். ரெண்டு ஆசிய நாடுகள் மோதின ஃபைனல்ல ரெண்டு டிரெஸ்ஸிங் ரூம்லயும் தலைமைக் கோச் வெளியூர்க்காரர். அன்னைக்கு யாரும் இதைப் பத்திக் கவலைப்படல.

வெளியாள் எதுக்கு? டெக்னிக் சொல்லித்தரவா? டெண்டுல்கருக்கு ஸ்ட்ரெய்ட் டிரைவ் ஆடச் சொல்லித்தர யாரும் டிக்கெட் போட்டு வர வேண்டியதில்ல. வெளியாளோட உண்மையான சொத்து வேற. அவருக்கு இங்க சொந்தக்காரன் இல்ல, பழைய கிளப் இல்ல, தீர்க்க வேண்டிய கணக்கு இல்ல.

இந்தியாவோட முதல் வெளிநாட்டுக் கோச் ஜான் ரைட். நியூசிலாந்துக்காரர், 2000 கடைசியில வந்தார். அந்த வருஷம் என்ன வருஷம்னு வீட்டுல அப்பாவையோ மாமாவையோ கேட்டுப் பாருங்க, முகம் மாறும். மேட்ச் ஃபிக்ஸிங் விவகாரம் வெடிச்ச வருஷம். கேப்டனா இருந்த அசாருதீனுக்கு பிசிசிஐ ஆயுள் தடை போட்டுச்சு (2012ல கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு). கோச்சா இருந்த கபில்தேவ் விலகிட்டார். யார் யாரை நம்புறதுன்னு தெரியாத வீடு அது. அந்த வீட்டுக்குள்ள யாரோட ஆளும் இல்லாத ஒருத்தர் வந்தது எவ்வளவு பெரிய விஷயம்! அப்போ டீம் எடுக்குறது அஞ்சு மண்டலத்துக்கு அஞ்சு தேர்வாளர்கள். தெற்கு, வடக்கு, மேற்குன்னு ஆளாளுக்குத் தன் பக்கத்துப் பையன் மேல ஒரு கண் இருக்கும். ரைட்டுக்கு எந்த மண்டலமும் கிடையாது. அவர் வந்து சில மாசத்துலயே, 2001 மார்ச்ல, நம்ம சேப்பாக்கத்துல கடைசி ரெண்டு விக்கெட் மட்டும் கையில இருக்கும்போது ஆஸ்திரேலியாவை ஜெயிச்சு சீரிஸையும் தூக்கினாங்க. அந்த ஒரு மேட்ச்ல ஹர்பஜன் மட்டும் 15 விக்கெட். 2003ல உலகக் கோப்பை ஃபைனல், 2004ல பாகிஸ்தான் மண்ணுலயே டெஸ்ட் சீரிஸ் வெற்றி. இதெல்லாம் ரைட் ஒருத்தராலன்னு சொன்னா கங்குலி ரசிகர்கள் என்னைச் சும்மா விடமாட்டாங்க. நானும் அப்படிச் சொல்லல. கங்குலி மாதிரி ஒரு கேப்டனுக்குப் பின்னாடி சத்தம் போடாம நின்னார் பாருங்க, அதுதான் அவர் செஞ்ச வேலை.

அடுத்து வந்தவர் சத்தம் போட்டார். கிரெக் சேப்பல். இந்தப் பேரைச் சொன்னதும் நம்ம அண்ணன்மார் பல்லைக் கடிப்பாங்க. 2005ல வந்தார். சில மாசத்துல கேப்டன் கங்குலியைப் பத்தி போர்டுக்கு அவர் அனுப்பின ஈமெயில் பத்திரிகைக்குக் கசிஞ்சுது. அப்புறம் நடந்ததெல்லாம் மெகா சீரியல். ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லணும். அவர் காலத்துல ஒருநாள் போட்டியில சேஸ் பண்ணி வரிசையா 17 ஜெயிச்சோம். வெஸ்ட் இண்டீஸ்ல 35 வருஷத்துக்கு அப்புறம் டெஸ்ட் சீரிஸ் ஜெயிச்சோம். ஆள் கிரிக்கெட் தெரியாதவர் இல்ல. இந்த வீட்டுல எந்தக் கதவைத் தட்டிட்டுப் போகணும், எதைத் திறக்கவே கூடாதுன்னு தெரியாதவர். 2007 உலகக் கோப்பையில பங்களாதேஷ்கிட்ட தோத்து, இலங்கைகிட்ட தோத்து, முதல் ரவுண்டுலயே மூட்டை கட்டினோம்.

இதுல ஒரு கூத்து இருக்கு. அன்னைக்கு நம்மைத் தோற்கடிச்ச பங்களாதேஷோட கோச் யாரு தெரியுமா? டேவ் வாட்மோர். இலங்கையோட கோச் டாம் மூடி, அவரும் ஆஸ்திரேலியர். "வெளிநாட்டுக் கோச்சாலதான் தோத்தோம்"னு நம்ம ஊர்ல கொடும்பாவி எரிச்சப்ப, ஜெயிச்ச ரெண்டு டீமும் வெளிநாட்டுக் கோச்சுக்குத்தான் கை கொடுத்துட்டு இருந்திருப்பாங்க.

கிர்ஸ்டன் கதை இதுக்கு நேரெதிர். வந்த புதுசுல அவர் ரொம்பப் பேசவே இல்லைன்னு சொல்வாங்க. வலையில பந்து தூக்கிப் போட்டுக்கிட்டே இருப்பாராம். 2011 உலகக் கோப்பைக்குக் கொஞ்சம் முன்னாடி நடந்ததா அவரே பின்னாடி சொன்ன ஒரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெங்களூர்ல ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியைப் பார்க்க டீமைக் கூப்பிட்டிருக்காங்க. கிளம்புற அன்னைக்குக் காலையில, பாதுகாப்புக் காரணத்தால வெளிநாட்டுக்காரங்க மூணு பேருக்கு அனுமதி இல்லைன்னு தகவல் வந்திருக்கு. கிர்ஸ்டன், பேடி அப்டன், எரிக் சைமன்ஸ் மூணு பேரும் தென்னாப்பிரிக்கர்கள். தோனி மொத்த டிரிப்பையும் கேன்சல் பண்ணிட்டார். அவங்க நம்ம ஆளுங்க, அவங்க வரலைன்னா யாரும் போகலைன்னுட்டார். அந்த அதிகாரி கண்ணுக்கு வெளிநாட்டுக்காரங்களா தெரிஞ்சவங்க கேப்டன் கண்ணுக்கு அப்படித் தெரியல.

சரி, நம்ம ஆளே கோச்சா இருந்தா இந்தப் பிரச்சினை எதுவும் வராதுன்னு நினைக்கிறீங்களா? 2017ஐ நினைச்சுக்கோங்க. அனில் கும்ப்ளே. டெஸ்ட்ல 619 விக்கெட், உடைஞ்ச தாடையோட பந்து போட்ட மனுஷன், பெங்களூர்க்காரர், நம்மளை மாதிரி இன்ஜினியரிங் படிச்சவர் வேற. கேப்டன் கோலிக்கும் அவருக்கும் ஒத்துவரல, ஒரே வருஷத்துல விலகிட்டார். சேப்பலுக்கு ரெண்டு வருஷம் கிடைச்சுது, கும்ப்ளேவுக்கு அதுகூட இல்ல.

கிர்ஸ்டனையே எடுத்துக்கோங்க. 2024ல பாகிஸ்தான் ஒருநாள், டி20 அணிக்குக் கோச்சா போனார். ஆறு மாசத்துல, ஒரு ஒருநாள் போட்டிகூடப் பார்க்காம, ராஜினாமா. அதே மனுஷன், அதே மூளை. மாறினது மேல உட்கார்ந்திருக்குற போர்டு. அதனாலதான் கோச்சோட பாஸ்போர்ட்டைப் பத்திப் பேசுறது போர்டுக்கு ரொம்ப வசதி. தோத்தா "அவன் வெளிநாட்டுக்காரன், நம்ம கலாச்சாரம் புரியல"ன்னு அனுப்பிடலாம். டீம் செலக்‌ஷன்ல கோச்சுக்கு என்ன பங்கு, அவர் யாருக்குப் பதில் சொல்லணும், கேப்டனோட முட்டிக்கிட்டா யார் தீர்த்து வைப்பாங்கன்னு ஒரு பய கேட்கமாட்டான்.

இந்த "வெளியாள்"ங்கிற வார்த்தை மேல எனக்குக் கொஞ்சம் சொந்தக் கடுப்பும் உண்டு. நான் திருத்தணி. ஹாஸ்டல்ல ஃபர்ஸ்ட் இயர்ல எனக்கு வெச்ச பேர் "ஆந்திரா பார்ட்டி". ஏன்னா வீட்டுக்கு ஃபோன் பேசும்போது பாதி தெலுங்கு வரும். எங்க தாத்தா பிறந்தப்ப ஊர் சித்தூர் ஜில்லாவுல இருந்துச்சு. ம.பொ.சி.யோட வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்புன்னு எல்லாம் நடந்து, 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் திருத்தணி தமிழ்நாட்டோட சேர்ந்துச்சு. முருகன் மலை நகரல, 365 படி நகரல. பக்கத்துல ஒரு கோடு மட்டும் நகர்ந்துச்சு. ஒரே ராத்திரியில உள்ளாள் யாரு, வெளியாள் யாருன்னு மாறிடுச்சு.

எங்க ஊர் டென்னிஸ் பால் டோர்னமென்ட்ல இன்னைக்கும் ஒரு ரூல் உண்டு. ஒரு டீமுக்கு வெளியூர் பிளேயர் ரெண்டு பேர்தான். இதுல வருஷா வருஷம் பஞ்சாயத்து. பக்கத்துல இருக்குற நகரியில இருந்து ஒரு பையன் வந்தா "அவன் ஸ்டேட்டே வேறடா"ம்பாங்க. சென்னையில செட்டிலாகி பொங்கலுக்கு மட்டும் வர்ற அண்ணன் "நம்ம ஊர்ப் பையன்". நகரிப் பையன் வாராவாரம் எங்ககூட ஆடுறவன். சென்னை அண்ணனுக்கு எங்க பிட்ச்ல பந்து எங்க தாழ்வா வரும்னுகூடத் தெரியாது.

இதே குழப்பம்தான் பெரிய லெவல்லயும். வாட்மோர் பிறந்தது கொழும்புல. சின்ன வயசுல குடும்பத்தோட ஆஸ்திரேலியா போய், அந்த நாட்டுக்காகவே டெஸ்ட் ஆடினவர். 1996ல இலங்கையை ஜெயிக்க வெச்சது வெளிநாட்டுக்காரரா, வீடு திரும்பின பிள்ளையா? முரளிதரன் கண்டித் தமிழர். பாஸ்போர்ட்படி பார்த்தா சன்ரைசர்ஸ்ல அவர் வெளிநாட்டு பவுலிங் கோச். ஆனா சேலம் சின்னப்பம்பட்டியில இருந்து அந்த டீமுக்குப் போன நடராஜனுக்கு, தன் சொந்த மொழியில பேசுற பவுலிங் கோச் அவர். 2020-21 ஆஸ்திரேலியா டூர்ல வலைப் பந்துவீச்சாளரா போய், மூணு ஃபார்மட்லயும் அறிமுகமாகி, டிவி பேட்டியைத் தமிழ்லயே கொடுத்த நடராஜனைத்தான் சொல்றேன். அவருக்கு யாரு வெளிநாடு, சொல்லுங்க. நம்ம ஃபிளெமிங்கை விட்டுட்டேன் பாருங்க. 2009ல இருந்து சிஎஸ்கே கோச், அஞ்சு கோப்பை. சேப்பாக்கத்துல அவரை நியூசிலாந்துக்காரர்னு யாராவது பிரிச்சுப் பேசிக் கேட்டிருக்கீங்களா? (2025ல கடைசி இடத்துக்குப் போனப்ப சில பேர் பேசினாங்க. அதான் சொல்றேனே, தோத்தாதான் பாஸ்போர்ட் ஞாபகம் வரும்.)

அதே மாதிரி, இந்தியரா இருந்தும் வெளியாளா ஆனவங்க உண்டு. தமிழ்நாடு ரஞ்சி டீமுக்கு 2023-24ல கோச் மும்பைக்காரர் சுலக்‌ஷன் குல்கர்னி. ஏழு வருஷத்துக்கு அப்புறம் டீம் செமி ஃபைனல் போச்சு. போன இடம் மும்பை. டாஸ் ஜெயிச்ச கேப்டன் சாய் கிஷோர் பேட்டிங் எடுத்தார், 146க்கு ஆல் அவுட், மூணே நாள்ல இன்னிங்ஸ் தோல்வி. மேட்ச் முடிஞ்சதும் குல்கர்னி பத்திரிகைக்காரங்ககிட்ட, முதல் நாள் காலை 9 மணிக்கே நாம தோத்துட்டோம், பந்துவீச்சுதான் எடுத்திருக்கணும், கேப்டன் வேற மாதிரி நினைச்சார்ங்கிற மாதிரி போட்டு உடைச்சார். கேப்டனைத் தூக்கி நடுரோட்ல போட்டுட்டாரேன்னு தினேஷ் கார்த்திக் பொதுவெளியில கோபப்பட்டார். பிட்ச்சைப் பத்திக் குல்கர்னி சொன்னது சரியாகூட இருக்கலாம், அது அவர் வளர்ந்த ஊர். ஆனா அந்த சீசன் முழுக்க விக்கெட் எடுத்துத் தள்ளின ஒரு பையனை, தோத்த அன்னைக்கே மைக் முன்னாடி விட்டுக்கொடுத்தது சரியில்ல. அடுத்த சீசன்ல அவர் கோச்சா இல்ல. சேப்பல் செஞ்ச அதே தப்பை ஒரு இந்தியரும் செய்யலாம்னு காட்டத்தான் இதைச் சொல்றேன்.

இப்போ அந்த "140 கோடி பேர்ல ஒருத்தர் இல்லையா?" கேள்விக்கு வர்றேன். இருக்காங்க. நிறையவே இருக்காங்க. 2024ல டி20 உலகக் கோப்பை ஜெயிச்ச டீமோட கோச் டிராவிட். 2025 நவம்பர் 2ஆம் தேதி நவி மும்பையில நம்ம பெண்கள் உலகக் கோப்பையைத் தூக்கினாங்களே, அவங்க கோச் அமோல் மஜும்தார். ரஞ்சியில ரன் மலையையே குவிச்சும் ஒரு தடவைகூட இந்தியாவுக்கு ஆட வாய்ப்பு கிடைக்காத மனுஷன். அவரைப் பார்த்து எனக்குப் புல்லரிச்சது உண்மை. இந்தியர்கள் போதாதுன்னு சொல்றவன் நான் இல்ல. ஆனா கேள்வி கேட்குறவங்க இன்னொரு பக்கத்தையும் பார்க்கணும். 2003 உலகக் கோப்பை செமி ஃபைனல், டர்பன். இந்தியாவுக்கு நியூசிலாந்துக் கோச். எதிர்ல கென்யா. அவங்களை செமி வரைக்கும் கொண்டுவந்த கோச் நம்ம சந்தீப் பாட்டீல்! லால்சந்த் ராஜ்புத் ஆப்கானிஸ்தானுக்கும் ஜிம்பாப்வேக்கும் கோச்சா போனார். நம்ம சென்னை ஸ்ரீதரன் ஸ்ரீராம் பல வருஷம் ஆஸ்திரேலியா டீமுக்கே ஸ்பின் சொல்லிக்கொடுத்தார். இதையெல்லாம் படிச்சா "தமிழன்டா"ன்னு ஷேர் பண்றோம். அந்த ஊர்க்காரன் "எங்க நாட்டுல ஒருத்தன் இல்லையா"ன்னு கேட்டா நமக்குக் கோபம் வரும். நம்ம செட்லயே பாதி பேர் ஜிஆர்இ எழுதிட்டு விசாவுக்குக் காத்திருக்கோம். நாம போனா திறமை, அவங்க வந்தா அவமானமா?

ஆடுற பதினோரு பேர் நாட்டைப் பிரதிநிதித்துவம் பண்றாங்க. கோச் வேலை பார்க்குறார். வேலைக்கு யார் பொருத்தமோ அவரை எடுங்க. இப்போகூட இந்திய டீமோட பவுலிங் கோச்சா தென்னாப்பிரிக்காவோட மோர்னே மோர்கலும், உதவிக் கோச்சா நெதர்லாந்துக்கு ஆடின ரயன் டென் டோஸ்கட்டேயும் வந்தது இப்படித்தான். அதனால எந்தத் தேசபக்தியும் குறைஞ்ச மாதிரி எனக்குத் தெரியல.

ஆனா ஆரம்பத்துல ரெண்டாவது கட்சியோட கேள்வியில ஒரு நியாயம் இருக்குன்னு சொன்னேன் இல்லையா, அது இதுதான். நம்ம மொழி பேசுற, நம்ம பையனோட தலைக்குள்ள என்ன ஓடுதுன்னு தெரிஞ்ச கோச் கட்டாயம் வேணும். எங்க வேணும்னா, கீழ. கோலிக்கு யார் வந்து இங்கிலீஷ்ல என்ன சொன்னாலும் அவர் புரிஞ்சுப்பார். பதிமூணு வயசுப் பையனுக்கு அப்படி இல்ல.

எங்க தெருவுல ஒரு பையன் இருக்கான், லெஃப்ட் ஆர்ம் ஸ்பின். சனி, ஞாயிறு விடியற்காலை டிரெயின் பிடிச்சு, அவங்க அப்பாவோட சென்னையில ஒரு அகாடமிக்குப் போறான். திருத்தணியில லெதர் பால் ஆட ஒரு ஒழுங்கான வலை கிடையாது. ஒரு நாள் லீவ், டிரெயின், சாப்பாடு, ஃபீஸ்னு அந்த அப்பாவுக்கு ஆகுற செலவை நான் கேட்கல, கேட்டாலும் சொல்லமாட்டார். ரெண்டு வருஷமா அந்த அகாடமியில இவன்கிட்ட சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: "பிவட் ஆகலடா, ஃப்ரண்ட் ஃபுட்ல பிவட் பண்ணு." சொல்றவர் சென்னைத் தமிழர்தான். ஆனா கோச்சிங்னு ஆரம்பிச்சா வாயில வர்றதெல்லாம் புத்தக இங்கிலீஷ். இவன் தலையாட்டிட்டு வந்துடுவான். வீட்டுக்கு வந்து என்கிட்ட, "அண்ணா, பிவட்னா என்னண்ணா?"ன்னு கேட்டான். நான் இங்கிலீஷ் மீடியம், மெக்கானிக்கல் ஃபைனல் இயர். ஃபுல்க்ரம், டார்க்னு ஒரு பத்து நிமிஷம் விளக்கினேன். அவன் இன்னும் மரியாதையா தலையாட்டினான்.

எங்க கிரவுண்டுக்குச் சாயங்காலம் வாக்கிங் வர்ற ஒரு ரிட்டயர்ட் பிடி சார் இருக்கார். ரெண்டு பந்து பார்த்தார். "டேய், முன்னங்கால் தரையில பட்டதும், கீழே ஒரு பீடித்துண்டு கிடக்குன்னு நினைச்சுக்கோ. பாதத்தோட முன்பக்கத்தால அதை நசுக்கித் திரும்பு"ன்னார். அன்னைக்குச் சாயங்காலமே பந்து திரும்புச்சு. தரையில கால் திரும்பின இடத்துல வட்டமா ஒரு தடம் விழுந்திருந்தது, அதை எனக்குக் கூப்பிட்டுக் காட்டினான்.

அந்த சாருக்குக் கோச்சிங் சர்டிஃபிகேட் கிடையாது, சம்பளமும் கிடையாது. முட்டி வலி அதிகமான நாள்ல வரமாட்டார். அன்னைக்கெல்லாம் பையன் செவுத்துல பந்தைப் போட்டுத் தானே பிடிச்சுட்டு இருப்பான். இந்திய டீமோட அடுத்த கோச் எந்த நாட்டுக்காரர்ங்கிறதை இந்த வாரம் குரூப்ல நீங்க பேசி முடிச்சுடுவீங்க. திருத்தணி மாதிரி ஊர்ல அண்டர் 14 பையனுக்கு யார் கோச், அவருக்கு யார் சம்பளம் கொடுக்கறதுன்னு ஒருத்தராவது ஒரு மெசேஜ் போடுங்க. நான் ரிப்ளை பண்றேன்.